மாப்பிள்ளைக்கு இரண்டு ஊர்ப் பாடு

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களே, ஆபீஸில் இருந்தால் ஒரு மேனேஜர்தான். சொந்த ஊரில் குந்தி எழுதினால் ஊரே மேனேஜர்.

ஓசி வேலை

ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதற்கு எங்களிடம் முறை உண்டு. பாடு என்போம். அவரவர் பாட்டை முந்தின நாளே போனில் சொல்ல ஒரு ஆப் வேணுமாம். எங்கள் கோட்டைக்குப்பத்துக்கும் எதிர்க்கரை பசியாவரத்துக்கும் சேர்த்து. ஆபீஸ் வேலையே கழுத்தை நெரிக்கிறது என்றேன். ஊர்த்தலைவர் காதிலேயே வாங்கவில்லை.

"வூட்லதானே சும்மா குந்திகினு கீற, போட்டுக் குடும்மா."

மரியாதை

ஒவ்வொரு ஊரையும் ஒரு கிளாஸாக, அதாவது ஊர்முறையெல்லாம் அடங்கிய ஒரு அச்சாக எழுதினேன். ஆளை அந்த ஊரின் பிள்ளையாகச் சேர்த்தால் ஊர்முறை தானாக இறங்கிவிடும். சிக்கல் என் வீட்டுக்காரர் ஏழுமலைதான். பிறந்த பசியாவரத்தில் ஒரு பாடு, என்னைக் கட்டி இங்கே தங்கியதால் என் நைனா வழியில் இன்னொரு பாடு. அவருக்கு மட்டும் இரண்டு ஊரையும் பெற்றோராகப் போட்டேன். 'என் பாடு எப்போ' என்று கேட்டால் கம்ப்யூட்டர் முதலில் எழுதிய பெற்றோரைத்தான் கேட்கும். அடுத்தவரைத் திரும்பியும் பார்க்காது. அதைச் சரிபண்ணணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் நைனா பின்னால் வந்து நின்றார்.

"மாப்ள ஊரை முன்னால போடு. நம்பள பின்னால போட்டா இன்னா இப்போ? மரியாதையா இருக்கும்."

இறால் வந்த நாள்

எங்கள் பெண்ணின் காதுகுத்தை மழைக்கு ஏறும் இறாலையும் இவர் பாட்டையும் நம்பித்தான் வைத்திருந்தோம். மழை விழுந்து இறாலும் ஏறியது. அன்றைக்கு இங்கே இவர் பாடு. ஆனால் நைனா சொன்னபடி நான் வரிசை போட்டிருந்ததால், போன் பசியாவரத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. போன் சொல்லும் என்று நைனாவும் நாள் கணக்கை விட்டுவிட்டார். வராதவன் பாடு அடுத்தவனுக்கு, அதில் பேச்சே கிடையாது. வாசலில் இவர் வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருக்க, கூடை கூடையாக இறால் எங்கள் தெருவழியே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் திட்டக்கூட இல்லை.

"எனக்கு ரெண்டு அப்பன் கீறாங்க. ஒருத்தர்கூட சொல்லல, பாத்தியா?"

மாமியார் போன்

ஆத்திரத்தில் வரிசையை மாற்றி எங்கள் ஊரை முன்னால் போட்டேன். அது எப்படித்தான் ஏரியைத் தாண்டியதோ, சாயங்காலமே மாமியார் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, எங்க ஊரைப் பின்னால தள்ளிட்டியாமே?"

இப்போது இரண்டு ஊரையும் கேட்டுத்தான் பதில் சொல்லணும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்; என் பெண்ணின் காதுதான் அடுத்த பாடு சுற்றி வரும்வரை மூளியாகக் கிடக்கிறது.