செக்கிங்குக்கு முதல் நாள் கண் ஆபரேஷன்

அடி அண்ணாமலையில், இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பக்கத்தில் எங்கள் உதவி மையம் இருக்கிறது. முகாமில் வயதானவர்கள் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று எங்கே போக வேண்டியிருந்தாலும் கூடப் போவது நான்தான். எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். பேசியே ஆளைக் கரைத்துவிடுவேன் என்று என்னைப்பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு, அதுவும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒரே ஒரு அம்மாவிடம் மட்டும் அது பலிக்கவில்லை. முகாமில் தனியாக இருப்பவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்ததும், அம்மா வரமாட்டேன் என்றார். கத்திக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, வலிக்கவே வலிக்காது என்று நாள்தோறும் போய்ச் சொன்னேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் அவரே சலித்துப்போனார்.

"கத்திக்கு ஆர் பயந்தது பிள்ளை? அடுத்த நாள் செக்கிங். நான் நிக்காட்டி பேரை வெட்டிப்போடுவினம்."

மாதம் ஒருமுறை அதிகாரி வந்து, முகாமில் இருப்பவர்களை நேரில் பார்த்துப் பதிவதுதான் செக்கிங். பேர் போனால் மாத உதவிப்பணமும் போய்விடும் என்பதால் அன்றைக்குக் கல்யாணமே என்றாலும் யாரும் வெளியே போகமாட்டார்கள். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் படகேறி வந்த நாளிலிருந்து வரிசையில் நின்றே பழகியவர் அதை நான் சொல்லி நம்புவாரா?

மறுநாளே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த அதிகாரி முன்னாலேயே நிறுத்தினேன்.

"சார், நீங்களே சொல்லிடுங்க. என் பேச்சு எடுபடல."

அவர் சிரித்தார். "ஆபரேஷன் முடிச்சிட்டு ரெஸ்ட் எடுங்கம்மா. உங்க பேர் எங்கயும் போவாது."

அதற்குப் பிறகுதான் அம்மா தலையாட்டினார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். முகாம் வாசலில் வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நேரே வரிசைக்குப் போனார். அவர் முறை வந்தபோது அதிகாரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"வர வேணாம்னு சொன்னேனே, ஏம்மா வந்தீங்க?"

அம்மா அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் நீங்கள்தான் என்னைப் பாத்தனீங்கள். இண்டைக்கு நான் உங்களைப் பாக்க வந்தனான்."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "எங்க அம்மாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.