மதிலுக்குக் கீழே இருந்த கால்வாய்

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாவது வருஷம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. இரண்டு நாள் விடாத மழை. மழை விட்ட காலையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கீழ்த்தெருவில் இடுப்பளவு.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி தன் வயலுக்கு இறைக்கும் டீசல் இன்ஜினை டிராக்டரில் கொண்டுவந்து கீழ்த்தெருவில் இறக்கினார். குழாய் வாயை பிளாஸ்டிக் பைகள் அடைக்க அடைக்க, சாக்கடை கலந்த தண்ணீரில் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் வரை ஓடியும் தண்ணீர் வடியவில்லை.

கீழ்த்தெருப் பெண் ஒருத்தி இடுப்புவரை நனைந்து வந்தாள். பக்கவாதத்தில் படுத்திருந்த மாமனாரின் கட்டிலை செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தாள். “அண்ணே, கொஞ்சம்கூட கம்மியாவலயே. பெரியவரு நனைஞ்சிட்டே கிடக்கறாருங்க.”

“இறைக்கிற தண்ணி சுத்திக்கிட்டு இங்கயே வருதும்மா” என்றவர், தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் திரும்பினார். “சார், ஏரித் தண்ணி முன்னெல்லாம் எந்தப் பக்கம் போவும்?”

எனக்குத் தெரியும். மனை வாங்கியபோது பின்பக்கம் முள் மண்டிய கால்வாய் இருந்தது. தண்ணியே வராத கால்வாய்தானே என்று மண் கொட்டி மூடி, அதன் மேல் மதில் எழுப்பியவன் நான். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில், எல்லாம் தெரிந்த என் மனைவி நின்றிருந்தாள்.

“என் மதிலுக்குக் கீழதான்” என்றேன்.

அவர் டிராக்டரிலிருந்து கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்து வந்தார். முதல் அடி நான் அடித்தேன். கீழ்த்தெரு ஆட்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. மதில் சரிந்து, மண்ணை வெட்டி எடுத்ததும், செருப்பும் டப்பாவுமாகத் தண்ணீர் தானே இறங்கி ஓடியது. விவசாயி இன்ஜின் குழாயையும் அந்தப் பக்கமே திருப்பினார். பொழுது சாய்வதற்குள் கீழ்த்தெருவில் வாசல்படிகள் தெரிந்தன.

பெரியவரைக் கட்டிலோடு தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வேனில் ஏற்றினோம். கால்விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது யார் கை என்று அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து சளியோடு திரும்பியவர் பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார்.

சாவுக்குப் போய்த் தெருமுனையிலேயே நின்றேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க சார்” என்று நாற்காலி போட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்; நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

அவளே கேட்டாள். “அங்க திரும்பவும் மதில் கட்டப் போறீங்களா?”

“இல்லம்மா.”

தலையாட்டிவிட்டு, வாசலில் வந்து நின்றவர்களைக் கவனிக்கப் போனாள்.