யானையின் நெற்றியில் திருநீறு

மொன்ட்ரியாலில் இருந்து நானும் கணவரும் சாம்பியாவுக்குப் போனது சிங்கம் பார்க்கத்தான். அதிகம் பேருக்குத் தெரியாத சிறிய சரணாலயம் அது. வழியில் ஒரு யானையின் மண்டையோடு வெளுத்துக் கிடந்தது. வழிகாட்டி எங்களை இறங்கிப் பார்க்க விட்டார். என்னை அறியாமலே கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசிவிட்டேன்.

"உமக்கென்ன விசரே? செத்த ஆனைக்குத் திருநீறோ?" என்றார் கணவர்.

"அண்ணைக்குப் பூச ஒரு எலும்புகூடக் கிடைக்கேல்லையே" என்றேன். ஈழப் போரில் காணாமல் போனவன் என் அண்ணன்.

ஜீப்பில் ஏறியதும் யானைக்கூட்டம் ஒன்று சத்தமே இல்லாமல் வந்தது. ஒவ்வொன்றாக அந்த மண்டையோட்டைத் தும்பிக்கையால் தடவின. மூத்த பெண் யானை மட்டும் திருநீற்றை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு நேராக எங்களிடம் வந்தது.

"அசையாதீர்கள்" என்று வழிகாட்டி கிசுகிசுத்தார்.

தும்பிக்கை கணவரைத் தாண்டி என் விரல்களை முகர்ந்தது. பின்பு மெல்ல உயர்ந்து என் நெற்றிக்கு நேரே நின்றது. சூடான மூச்சு. அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டது.

இப்போதும் மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் காலையில் கண்ணை மூடித் திருநீறு பூசும்போது, விரல் படும் முன்பே அந்த மூச்சு நெற்றியில் படுகிறது. யாரென்று பார்க்க நான் கண்ணைத் திறப்பதில்லை.