சாமி படத்துக்குப் பின்னால்

லண்டன் குளிருக்குப் பயந்து வருடா வருடம் நான்கு மாதம் மலேசியாவின் லுமுட் கடற்கரையில் கணவரோடு வந்து தங்கும் ஈப்போக்கார டீச்சர் அக்கா, இன்று என் மளிகைக் கடைக்குத் தனியாக வந்தார். அவருடைய கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, இது அண்ணனோட பாஸ்போர்ட். அவருக்கு ஞாபகமே சரியில்ல லா. எங்கயாச்சும் தொலச்சிருவாரு. நீயே வச்சிரு, அவர்கிட்ட மூச்சு விடாத."

வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். அங்கே அக்காவின் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. போன வாரம் அண்ணன் கொடுத்தது. அவரும் இதையேதான் சொல்லியிருந்தார்.

படியிறங்கும்போது அக்கா திரும்பினார்.

"என்னோடதயும் ஒரு வாரமா காணோம் தம்பி. எனக்கும் மறதி வந்திருச்சோன்னு பயமா இருக்கு."

"கிடைச்சிரும்க்கா" என்றேன்.

நாளை அண்ணனும் தன்னுடையதைத் தேடிக்கொண்டு வருவார். இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் யாரிடம் வாய் திறப்பது? நீங்களே சொல்லுங்கள்.