முப்பதாவது மாத்திரை

மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவருக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்பதில்லை, வியாதிதான் நிற்கிறது. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்ததும் ‘சர்க்கரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று தோன்றுமே தவிர, அவர் யார், எங்கே வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் தோன்றாது. அதற்காகக் குறை சொல்லவும் முடியாது. ஒரு நாளைக்கு இருநூறு பேர் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் யாருக்குத்தான் பெயர் நினைவிருக்கும்?

கடையில் அவரை ‘அண்ணே’ என்பார்கள். சபையில் அவருக்குப் பெயர் கடைசிப் பக்கத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் கொடுக்கிற நாலு பக்க வாரமடலில் முதல் மூன்று பக்கமும் அறிவிப்பு, பிறந்தநாள், கல்யாண நாள், கூட்ட நேரம். கடைசிப் பக்கம் இவருடையது. பத்தொன்பது வருடமாக, ஒரு வாரம் தவறாமல், அந்த வாரத்துச் செய்தி ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு வசனத்தைப் பொருத்தி, இருபத்தைந்து வரியில் ஒரு சிந்தனை எழுதிவிடுவார். தேர்தல் வந்தால், மரங்களெல்லாம் கூடி முட்செடியை ராஜாவாக்கிய கதை வரும். எங்காவது அடுக்குமாடிக் கட்டடம் சரிந்தால் மணலில் வீடு கட்டினவன் வருவான். ஒரு தடவை நகரம் முழுக்க இரண்டு நாள் செல்போன் வேலை செய்யாமல் போனபோது, ஜெபத்துக்கு டவர் தேவையில்லை என்று எழுதி வாலிபர் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினார்.

எழுதுகிற முறையும் கடை வேலையைப் போலவே ஒழுங்கானது. வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும், மாத்திரை அட்டை வெட்டுகிற அதே கத்தரிக்கோலால் பேப்பரில் செய்தியை வெட்டுவார். பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். கடைசி வரி கேள்வியாகத்தான் முடிய வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம்.

“பத்தொம்பது வருஷமா கேள்வி கேக்குறீங்க. ஒருத்தராவது பதில் சொல்லியிருக்காங்களா?” என்பார் அவர் மனைவி.

“அது அவங்கவங்க மனசுக்குள்ள சொல்லிக்கிற பதில்.”

“அப்ப நான் கேக்குறதுக்கும் நீங்க மனசுக்குள்ளதான் சொல்லிக்கிறீங்க போல. கேஸ் சிலிண்டருக்குச் சொன்னீங்களா இல்லையா?”

அந்த வாரம் புதன்கிழமை பேப்பரில் உள்பக்கத்தில் ஆறே வரியில் ஒரு செய்தி வந்தது. பதினெட்டுப் பிள்ளைகள் போன பள்ளிக்கூட வேன் ஒன்றில் நாலு வயதுப் பெண்பிள்ளை கடைசி இருக்கையில் தூங்கிப்போய்விட்டது. மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் கழித்து யாரோ பார்த்துக் கதவைத் திறந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வேன் உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த உதவியாளர் ஒரு பெண் என்பதற்கு மேல் பேப்பரில் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

பேனா தானாக ஓடியது. நூறு ஆட்டில் ஒன்று காணவில்லை என்பது மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினான், அதனால் தெரிந்தது. பதினெட்டுப் பிள்ளைகளை எண்ணத் தெரியாதவள் கையில் நம் பிள்ளைகளைக் கொடுக்கிறோம். மேய்ப்பனுக்கும் கூலிக்கு வந்தவனுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இந்த மட்டில் எழுதிவிட்டு, வழக்கம்போலக் கேள்வியையும் போட்டார்: ‘நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை நாம் எண்ணுகிறோமா?’

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரே கையைப் பிடித்துக் குலுக்கினார். பாடகர் குழுவில் இரண்டு பேர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். மனுஷர் வீடு வரைக்கும் கால் தரையில் பாவாமல் நடந்தார்.

திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது முதலாளி நான்காக மடித்த வாரமடல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஒரு அம்மா வெச்சுட்டுப் போனாங்க.”

விரித்தார். அவருடைய கேள்விக்குக் கீழே பென்சிலில், சின்னச் சின்ன எழுத்தில், எழுதியிருந்தது:

‘எண்ணினேன் ஐயா. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வராது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அதனால் பட்டியலில் பதினேழு. நான் ஒரு பிள்ளையைக் கூட்டிவர ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனபோது, காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையின் அம்மா வந்து அதை முன்கதவு வழியாக ஏற்றிவிட்டார்களாம். டிரைவர் என்னிடம் சொல்லவில்லை. நான் எண்ணி ஏற்றினது பதினேழு. எண்ணி இறக்கினது பதினேழு. பின் இருக்கையைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்புதான். ஆனால் எண்ணினேன்.’

கையெழுத்து இல்லை. கடைசிப் பக்கத்தார் முகத்தில் ஈயாடவில்லை.

“யாரு குடுத்தது?”

“மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்குவாங்களே, அஞ்சு எம்ஜி, அந்த அம்மா. மாத்திரை வேணுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க.”

அஞ்சு எம்ஜி! காலி அட்டையை நீட்டுவார், முப்பது வாங்கிக்கொள்வார், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். ஆலயத்திலும் பெண்கள் பக்கம் கடைசிக்கு முந்தின வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார். ஏழெட்டு வருடமாகப் பார்க்கிற முகம். அந்த அம்மாள் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் என்பது இவருக்கு இந்த நிமிடம்தான் தெரியும். ஊரில் எத்தனையோ வேன், எத்தனையோ பெண்கள். யாரோ ஒருத்தியைத் திட்டுகிறோம் என்று நினைத்துத் தன் சபை ஆளையே, அவர் கையிலேயே அச்சடித்துக் கொடுத்துத் திட்டியிருக்கிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த அம்மாளின் மாத்திரை முடிந்திருக்க வேண்டிய நாள் போன வியாழன். ஆட்களின் பெயரை மறப்பவர் இதை மறக்கமாட்டார். வாங்காமல் போயிருக்கிறார் என்றால் போடாமல் இருக்கிறார் என்று அர்த்தம். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடனே கிளம்பிப் போனாரா என்றால் இல்லை. அதுதான் மனித சுபாவம். இன்றைக்குக் கூட்டம், நாளைக்கு ஸ்டாக் எடுக்க வேண்டும், வேறு கடையில் வாங்கியிருப்பார், எப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருவார் என்று ஒரு வாரத்தை ஓட்டினார். அந்த வாரக் கடைசிப் பக்கத்துக்கு மழையைப் பற்றி எதையோ எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மின்விசிறிக்குக் கீழே யாரும் இல்லை. காற்று காலி இருக்கையில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் மடலைக் காட்டினார். மனைவி இரண்டு தடவை படித்தார்.

“பதில் வரலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். வந்திருக்கே,” என்றார். “இதைப் படிச்சுட்டு நீங்க எப்படி ஒரு வாரம் சாப்பிட்டீங்க?”

இதற்கு அவர் மனதுக்குள்ளும் பதில் சொல்லவில்லை.

ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டுகிறவரிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினார். கிளம்புமுன் அலமாரியிலிருந்து மூன்று அட்டை மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டார். கை மாத்திரையைப் போட, மனம் மன்னிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது. முதலில் வருத்தம் தெரிவிப்பது, இரண்டாவது அறியாமல் செய்ததை விளக்குவது, மூன்றாவது அடுத்த மடலில் மறுப்பு வெளியிடுவதாக வாக்குக் கொடுப்பது. பழக்கம் எங்கே போகும்? மன்னிப்புக்கும் மூன்று பாகம், நடுவில் ஒரு வசனம்.

இருபது நிமிட நடை. மாடிப்படியின் கீழ் ஒற்றை அறை வீடு. கம்பிக்கதவுக்குப் பின்னால் அந்த அம்மாள் வந்து நின்றார். கதவைத் திறக்கவில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

“கடைசிப் பக்கத்தாரா,” என்றார்.

தயாரித்த மூன்று பாகமும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. “மாத்திரை நிறுத்தக் கூடாதும்மா,” என்று மட்டும் வந்தது. “பத்துப் பதினோரு நாளாச்சு. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.” கவரைக் கம்பிக்குள் நீட்டினார்.

அம்மாள் வாங்கினார். வாங்கியதும் அட்டைகளை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு குமிழாகத் தொட்டுக்கொண்டே போனார். உதடு லேசாக அசைந்தது. பதினொரு வருடம் தினமும் காலையும் சாயங்காலமும் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிய கை. கையில் வந்த எதையும் எண்ணாமல் கீழே வைக்க அதற்குத் தெரியாது.

“இருபத்தொம்பது இருக்கு,” என்றார்.

“முப்பதும்மா.”

“இருபத்தொம்பது.”

மூன்றாவது அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் ஒரு மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. யாரோ அவசரத்துக்கு ஒன்று கேட்டபோது இவரே வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்த அட்டை. கடைசிப் பக்கத்தாருக்குக் காது வரைக்கும் சூடேறியது. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். வெயிலில் நின்றுகொண்டு, ஒரு கம்பிக்கதவுக்கு முன்னால், ஐம்பத்தாறு வயதில்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. வெட்டின மூலையை விரலால் தடவினார்.

“இப்படித்தான் ஆகும்,” என்றார் மெதுவாக. “ஒண்ணு போயிடும். நம்ம கை சரியாத்தான் செஞ்சதுன்னு இருப்போம்.”

“அம்மா, நான் எழுதினது தப்பு. அடுத்த மடல்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டு எழுதிடுறேன்.”

“வேணாம்.” குரல் அப்போதுதான் உயர்ந்தது. “என்னை வெச்சு இனிமே எதுவும் எழுதாதீங்க. தப்பையும் எழுதாதீங்க, மன்னிப்பையும் எழுதாதீங்க. இப்ப யாருக்கும் அது நான்தான்னு தெரியாது. நீங்க மன்னிப்பு எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதையும் படிச்சுட்டு உங்க கையைத்தான் பிடிச்சுக் குலுக்குவாங்க.”

அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்ய?

“எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம். அந்த ஸ்கூலு உங்க கடையிலேர்ந்து ரெண்டு தெரு. அவ்வளவுதான் எனக்கு வருத்தம்,” என்று சொல்லிவிட்டு அம்மாள் உள்ளே போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தார் திரும்பி நடந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டிருந்தது. கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய், அதே மாத்திரையில் ஒரு புது அட்டையை எடுத்து, ஓரத்தில் ஒன்றை மட்டும் வெட்டினார். குமிழைத் தடவிப் பார்த்து, மருந்து உள்ளே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு சட்டைப்பையில் போட்டார்.

“எங்க மறுபடியும்?” என்றார் முதலாளி.

“ஒரு மாத்திரை குறைஞ்சிடுச்சு.”

“ஒண்ணுக்காகவா? அடுத்த மாசம் வரும்போது சேர்த்துக் குடுத்துக்கலாமே. இங்க ஆளுங்க நிக்கிறாங்கய்யா!”

“வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை. சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். மாத்திரை விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர மனதில் வேறு ஒன்றும் இல்லை.

கம்பிக்கதவு முன்னால் மறுபடி நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மாள் வந்து, இவர் உள்ளங்கையில் இருந்த அந்த ஒற்றை மாத்திரையைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார்.

“இதுக்காகவா இவ்வளவு தூரம் திரும்பி வந்தீங்க?”

“முப்பது ஆகணும்ல.”

அம்மாள் தாழ்ப்பாளைத் தள்ளினார். “உள்ள வந்து உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் இவரை உட்காரவைத்துவிட்டு அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றார். தண்ணீர் குடித்து முடிந்ததும், கடைசிப் பக்கத்தார் இரண்டு வாரமாக யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார். “அந்தப் பிள்ளை எப்படிம்மா இருக்கு?”

அம்மாளின் முகம் கோணியது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார். “நல்லா இருக்கு. நேத்து அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். திட்டுவாங்கன்னுதான் போனேன். அந்தப் பொண்ணு ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வேன்ல நான் சொல்லிக்குடுத்த பாட்டைப் பாடுது. அவங்க அம்மா ஒண்ணுமே சொல்லல. அவங்களும் அழுதாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேப்பர்க்காரங்க கேக்கல. ஸ்கூல்ல கேக்கல. பிள்ளை எப்படி இருக்குன்னு நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க.”

அந்த வியாழக்கிழமை கடையில் கூட்டம் குறைந்தது. பேப்பரும் கத்தரிக்கோலும் மேசைமேல் இருந்தன. பேப்பரில் செய்திக்குப் பஞ்சமில்லை. எங்கோ ஒரு பாலம் இடிந்திருந்தது, ஒரு என்ஜினியரைக் கைதுசெய்திருந்தார்கள். மணலில் வீடு கட்டினவன் கூப்பிடு தூரத்தில் காத்துக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கத்தார் செய்தியை முழுக்கப் படித்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் போதகர் போன் செய்தார். “என்ன ஐயா, அச்சகத்துல கேக்குறாங்க, கடைசிப் பக்கம் இன்னும் வரலையே? இந்த வாரம் செய்தி ஒண்ணும் கிடைக்கலையா?”

“செய்தி இருக்குங்கய்யா,” என்றார். “விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.”