பக்கத்து நாற்காலியில் இருந்தவள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கிட்ட. விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டி விடுங்கள். இன்றைக்கு ஒன்று சொல்கிறேன். இட்டுக்கட்டினது இல்லை, நடந்தது. பாகீரதியே தன் வாயால் சொன்னது. சொல்லும்போதே இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கல்கத்தாவில் டிராம் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்திருந்த காலம். தாமிரபரணிக் கரையில் பிறந்த பாகீரதி, கல்யாணமான கையோடு அங்கே பவானிபூருக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் சந்தானம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். அதுவரை அவள் பேசினால் சுவர்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

மேல்வீட்டு வங்காளி அம்மாளை எல்லாரும் மாசிமா என்பார்கள். அவள்தான் ஒருநாள் பாகீரதியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கங்கையில் தண்ணீர் போதாதென்றா நீயும் அழுகிறாய்? எழுந்திரு!"

பழங்காலப் புதைபொருள்களை ஆராய்கிறவர்களுக்கென்று ஒரு நூலகம் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் அங்கே பெண்களுக்கு மட்டும் பாடம். மூடின வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி போட்டு இருட்டாக்கி, விளக்குப் பெட்டியால் சுவரில் படம் காட்டுவார்கள். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி இங்கிலீஷில் சொல்லுவாள். இன்னொருத்தி அதையே வங்காளியில் சொல்லுவாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய மண் தாழி நின்றது. வாய் பூசி மூடிய தாழி. திருநெல்வேலிச் சீமையில் தோண்டியது என்று மாசிமா சீட்டைப் படித்துச் சொன்னாள்.

பாகீரதி அதைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"நீயும் இத்தனை தூரம் வந்துட்டியா?" என்றாள்.

அடுத்த புதன் மாசிமா வரவில்லை. பூஜைக்குச் சொந்த ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள். சுவரில் செம்மண் காடு, பனைமரங்கள்.

"ஐயோ, நம்ம ஊரு!" என்று தன்னை மறந்து சொன்னாள் பாகீரதி.

"ஆமா மகளே."

தமிழ்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமிக்கு எந்த ஊர்?"

"ஆத்தங்கரைதான்."

"இங்கே சௌகரியமா இருக்கேளா?"

"இடம் குறுகல். காலை நீட்ட முடியாது. முழங்காலைக் கட்டிக்கிட்டேதான் தூங்குதேன்."

பாகீரதிக்குச் சிரிப்பு. "கல்கத்தா வாடகைக்கு அவ்வளவுதான் இடம் கிடைக்கும் மாமி!"

பாடம் முடிந்து ஜன்னல் துணியை விலக்கியபோது நாற்காலி காலி.

"பேர் கேட்டியா?" என்றான் ராத்திரி அதைக் கேட்ட சந்தானம்.

"மறந்துட்டேன்."

"நல்ல சிநேகம்! போகட்டும், உன் கொலுவுக்கு ஆள் கிடைச்சுதே. இல்லைன்னா நான், நீ, அந்தப் பல்லி."

அவன் வேடிக்கையாகச் சொன்னான். அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அது அவளுடைய தலைக்கொலு. பொம்மைகளை அடுக்கிவிட்டு தினமும் வாசலைப் பார்த்தாள். ஒருத்தியாவது வந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தியும் வரவில்லை.

மறுபடி புதன். இருட்டு. பக்கத்தில் ஈரமண் வாசனை.

"மாமி, இன்னிக்கு எங்காத்துக்கு வாங்கோ. மஞ்சள் குங்குமம் வாங்கிக்கணும்."

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது.

"என்னைய யாரும் கூப்பிட்டு வெகுகாலமாச்சு..."

"நான் கூப்பிடறேன்."

"வாரேன் மகளே."

அப்போதுதான் சுவரில் படம் மாறியது. ஒரு தாழி. அடுத்து, அதன் உள்ளே இருப்பதை வரைந்த சித்திரம்.

ஒரு உருவம். உட்கார்ந்திருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு...

வெள்ளைக்கார அம்மாள் தரையைக் காட்டி, கீழே இருக்கும் தாழியை அடுத்த புதன் உங்கள் முன்னால் திறப்போம் என்றாள். வங்காளியில் சொன்னது அவளுக்கு அரைகுறையாகப் புரிந்தது. அது போதும்.

அவள் கைமேல் ஒரு கை இருந்தது. ஈரமாக.

பாகீரதி திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் சந்தானம் நண்பர்கள் மெஸ்ஸில் பஜனைக்குப் போயிருந்தான். மேல்வீடு பூட்டு. கொலுவுக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது.

தூரத்தில் பூஜைக் கொட்டு. பிறகு அதுவும் நின்றது.

படியில் சத்தம்... சரக்... சரக்... காலைத் தூக்கி வைக்கத் தெரியாதவர்கள் நடக்கிற மாதிரி.

கதவுக்கு வெளியே நின்றது.

"கூப்பிட்டியே..."

கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம் இல்லையா? நானும் அதைத்தான் கேட்டேன். "கூப்பிட்டவள் நான்தானே? வேறே யார் வந்தா?" என்றாள் பாகீரதி.

தாழ்ப்பாளை எடுத்தாள்.

யாரும் இல்லை.

ஈரமண் வாசனை மட்டும் அவளைத் தாண்டி உள்ளே போனது.

விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தட்டை நீட்டினாள். "எடுத்துக்கோங்கோ மாமி..."

யாரும் எடுக்கவில்லை.

தாம்பூலம் வாங்கிக்கொண்டால் விருந்தாளி கிளம்புகிறாள் என்று அர்த்தம்.

வெற்றிலை அப்படியே இருந்தது.

மாசிமா ஊரிலிருந்து திரும்பியதும் நேரே தாழி திறப்பதைப் பார்க்கப் போனாள். பாகீரதி போகவில்லை. சாயங்காலம் மாசிமா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றாள்.

"பூச்சு கொஞ்சமும் விரிசல் விடவில்லை. எல்லார் கண்ணுக்கு முன்னால்தான் உடைத்தார்கள். உள்ளே ஒரு எலும்புத் துண்டுகூட இல்லையடி! மண் மட்டும். அதுவும் நடுவில் குழிந்து... யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி."



மாசிமா பாகீரதியின் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். கை கூப்பிச் சிரித்தாள்.

"சொல்லவே இல்லையே! ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாளா?"

போதும் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டு வாசல் ஒருநாளும் வெறிச்சோடாமல் இருக்கட்டும். வருகிறவர்கள் வயிறார உண்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி தங்கள் வீடு போய்ச் சேரட்டும். நீங்கள் எல்லாரும் நிறைய நிறைய வாழுங்கள்.