பத்தடி முடிச்சில் நாகையா மாமா

மகாவிஷ்ணு மீனாக அவதாரம் எடுத்தபோது, கடலிலிருந்து பத்திரமாக மேலே வருவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டது என் தாய்மாமன் நாகையாவிடம்தான். "மெதுவா வாங்க சாமி, அவசரப்படாதீங்க லா" என்று மாமா சொல்லியிருப்பார். அதனால்தான் அடுத்த அவதாரம் ஆமை.

மாமா கிளாங் துறைமுகத்தில் முக்குளிப்பவர். மூழ்கிய படகுகளிலிருந்து இரும்பு எடுப்பார். கேட்டால் வீரமாக இருக்கும், பார்த்தால் கொட்டாவி வரும். அரை மணி நேரம் கீழே, அப்புறம் மேலே வராமல் கயிற்றில் தொங்கல். "கீழ போறதுக்கு என்னடா, கல்லுகூட போகும். மேல வர்றதுதான் வேலை" என்பார். தரையிலும் அதே லட்சணம். எங்கள் ஃபிளாட்டில் மாடி ஏறும்போதுகூட இரண்டாம் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

1984இல் நான் மூன்றாம் பாரப் பரீட்சையில் ஃபெயிலாகி வீட்டில் கிடந்தேன். அம்மா என்னை அவர் படகுக்குத் துரத்தினாள். முதல் நாளே அவர் கால் துடுப்புக்குள் நெத்திலிக் கருவாடு வைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் முகர்ந்து பார்த்தார். அதிலும் அவ்வளவு நிதானம்.

ஆழத்தில் இழுத்த காற்று உடம்பில் கரைந்துவிடுமாம். சடக்கென்று மேலே வந்தால், சோடா மூடியைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்புமாம். அதனால் கயிற்றில் பத்தடி ஆழத்தில் ஒரு முடிச்சு, பக்கத்தில் உபரிக் காற்று டாங்கி. அங்கே தொங்கி, அட்டவணையில் போட்டிருக்கும் நிமிடங்களைக் கழிக்க வேண்டும். சேற்றுத் தண்ணீரில் வாட்ச் தெரியாது. மேலே நான் வாட்ச் பார்த்து, நேரம் முடிந்ததும் கயிற்றை மூன்று முறை இழுக்க வேண்டும்.

"நீ இழுக்கலைன்னாலும் எனக்குத் தெரியும்டா. பதினாலு நிமிஷம்னா, மனசுக்குள்ள கிளாங்ல பஸ் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ்ல இறங்குவேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு மூச்சை எண்ணிடுவேன்."

புளுகு. அந்த பஸ் நிஜத்தில் ஒரு மணி நேரம் போகும்.

மாமாவின் கூட்டாளி சின்னையா ஒருநாள் எதையோ கண்டு பயந்து, நிற்காமல் மேலே வந்துவிட்டார். படகில் சிரித்துக்கொண்டே சோறு தின்றார். சாயங்காலம் கால் இரண்டும் போய்விட்டது. இப்போது சுங்கை பூலோவில் வாசல் நாற்காலியோடு சரி. மாமா மாதாமாதம் போய் அவருக்கு நகம் வெட்டிவிடுவார். அதுவும் மெதுவாகத்தான்.

நான் கயிறு பிடித்த நாட்களில் ஒன்று. நூற்றிருபதடியில் மூழ்கிய இழுவைப் படகு. மாமா முப்பது நிமிடம் கீழே இருந்தார். பதினான்கு நிமிடம் தொங்க வேண்டும். முடிச்சைத் தொட்டதும் ஒருமுறை இழுத்துக் காட்டினார். ஒன்பதாவது நிமிடம் வானம் கறுத்தது. படகு ஆடியது.

படகு முதலாளி, தவுக்கே ஆ ஹுவாட், ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர், தமிழில்தான் ஏசுவார். "தம்பி, இழு லா! காத்து வருது. அஞ்சு நிமிஷம் கொறைஞ்சா உங்க மாமா செத்தா போயிருவாரு?"

"உங்க காலை அவருக்குக் குடுப்பீங்களா, தவுக்கே?"

கயிற்றைப் பிடுங்க வந்தார். நான் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்துவிட்டேன். முதுகில் மழை அடித்தது. தவுக்கே என் பரம்பரையையே ஏசிவிட்டு இன்ஜின் பக்கம் போனார்.

பதினான்கு ஆயிற்று. என் கை இழுக்கவில்லை. இரும்பு தூக்கிய உடம்பு, இன்னும் கொஞ்சம் ஊறட்டும், ஊறின பயறு கெட்டா போகும்? இருபதாவது நிமிடம்தான் மூன்று முறை இழுத்தேன்.

மாமா ஏறி உட்கார்ந்து துடுப்பைக் கழற்றினார். நான் அவர் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக அசைத்தார், மெதுவாக.

"எத்தனை நிமிஷம் வெச்ச?"

"பதினாலு."

"டேய், பிரிக்ஃபீல்ட்ஸ்ல இறங்கி, திரும்ப பஸ் ஏறி, சுங்கை வே வரைக்கும் வந்துட்டேன்டா!"

"வாட்ச் ஸ்லோ, மாமா."

என் மணிக்கட்டைப் பிடித்து, கயிறு பதிந்த சிவப்புத் தடத்தைப் பார்த்தார். வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார்.

"வாட்ச் நல்லாத்தான் ஓடுது. நீதான் பயந்துட்ட."